கொழும்புத்துறை வீதியில் மதில் இல்லாத வீடு

ஸ்காபரோ
18.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். நான் அனுப்பிய ஃபோனை நீங்கள் மீன்காரச் சிமியோனுக்குக் கொடுத்துவிட்டீர்களாம். போன ஞாயிறு எடுத்தேன். "ஹலோ, சிமியோன் கதைக்கிறன். பாரை கிடக்கு, விளை கிடக்கு, எது வேணும்?" என்றது குரல். அக்காவிடம் கொடு என்றேன். "அக்கா உதிலை கதைக்க மாட்டாவாம். வேணுமெண்டால் தம்பியைக் கடிதம் போடட்டாம்" என்கிறான். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பேனை பிடிக்கிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கஜானிக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் தனோஜன். தாய் தகப்பன் சண்டிலிப்பாய் ஆட்கள், இப்போது எங்களுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் இருக்கிறார்கள். பிள்ளைகள் தாங்களாகவே பழகி, தாங்களாகவே முடிவெடுத்து, கடைசியில் எங்களுக்கும் அறிவித்தார்கள். ஆவணியில் யாழ்ப்பாணத்தில் வைத்துச் செய்யவேண்டும் என்பது கஜானியின் ஆசை. கலியாணத்துக்கு முதல் நடுகிற கன்னிக்காலை அப்பப்பாவின் வளவில்தான் நடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். முள்முருக்கந்தடி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அது அப்பப்பாவின் முற்றத்தில் நிற்கவேண்டுமாம்.

இனி மற்றக் கதை. யாரோ ஒரு பெடியன் எங்கள் வீட்டைப் படம் பிடித்து யூரியூப்பில் விட்டிருக்கிறான். அதை மாப்பிள்ளையின் தாய் இங்கே ஸ்காபரோவில் எங்கள் வரவேற்பறையில் இருந்துகொண்டே பார்த்தார். படத்தில் நீங்கள் சாரமும் அப்பாவின் சேட்டும் போட்டு, கதிரையில் கால்மேல் கால் போட்டு இருக்கிறீர்கள். பின்னால் எங்கள் கிணற்றில் யாரோ முகம் கழுவுகிறான். மாமரத்துக்குக் கீழே இரண்டு ஓட்டோ. வீதிப் பக்கம் கரும்பலகை, அதில் "நேற்று வாய்க்காலுக்குள் குப்பைப் பை எறிந்தவர் மார்க்கண்டரின் பேரன்" என்று உங்கள் குண்டுக் கையெழுத்து. ஏனம்மா மதிலை உடைச்சனீங்கள் என்று பெடியன் கேட்கிறான். "வெள்ளை அடிக்கிற வேலை மிச்சம்" என்கிறீர்கள்.

"உது உங்கடை அக்காவோ?" என்று அந்த மனுசி கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போய்விட்டேன்.

அக்கா, நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆவணிக்கு முன் மதிலைத் திரும்பக் கட்டி ஒரு கேற்றைப் போடுவோம். மேசனைப் பெரியப்பாவின் மகன் தியாகராசா அண்ணை பார்த்துத் தருவார். அந்தக் கரும்பலகையை உள்ளே வையுங்கள். சேலை உடுங்கள். ஆம்பிளைச் சைக்கிளில் மண்டபத்துக்கு வந்து இறங்காதீர்கள். கலியாணம் முடிந்து நாங்கள் விமானம் ஏறிய பிறகு உங்கள் இஷ்டம், மதிலை மறுபடியும் உடையுங்கள்.

அன்புத் தம்பி
சுதாகரன்

*

யாழ்ப்பாணம்
09.03.2024

என் ஆசைத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. எழுத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. தபால் கந்தோரில் இருந்த காலத்தில் இதைவிட மோசமான எழுத்தெல்லாம் வாசித்து உரிய வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கஜானியின் செய்தி வாசித்த சந்தோஷத்தில் எழுந்து போய்க் கரும்பலகையில் எழுதினேன்: "என் மருமகளுக்குக் கலியாணம்." சிமியோன் ஒரு கூறு விளைமீன் இனாமாகத் தந்தான். பக்கத்து வளவு மார்க்கண்டர் கூட வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் தினமும் காலையில் வந்து என் பேப்பரை வாசிக்கிறார். என்னோடு கதைப்பதில்லை, பேப்பரோடு மட்டும்தான் உறவு.

ஃபோனை ஏன் கொடுத்தேன் என்றால், ஞாயிறு தவறாமல் நீ அதற்குள் வந்து இருந்துகொண்டு, சட்டையை மாற்று, தலைக்கு மை பூசு, வாசலைப் பூட்டு என்று கட்டளை போடுகிறாய். கடிதத்தில் கட்டளை போட்டால் மடித்து வைக்கலாம்.

மதில் கதைக்கு வருகிறேன். நீ போனது எண்பத்தொன்பதில். பிறகு இந்த வீட்டில் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. அப்பாவும் மார்க்கண்டரும் முகம் பார்க்காமல் போனபோது, பங்குக் கிணற்றின் மேலே குறுக்காக அப்பா மதில் எழுப்பினார். மேலே மதில், கீழே ஒரே தண்ணீர். இரண்டு வீட்டு வாளியும் அடியில் முட்டி "டங்" என்று சத்தம் கேட்கும். அப்பா உடனே கயிற்றை இழுத்துவிடுவார், வாளி நிரம்பாவிட்டாலும்.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்து நடந்து போனோம். கொடிகாமத்தில் ஒரு பெரிய வீட்டுக் கேற்றடியில் அப்பா நின்றார். கையில் அந்தப் பழைய தோல் பை. "பிள்ளை, ஒரு மிடறு தண்ணி" என்று கூப்பிட்டார். உள்ளே ஆள் இருந்தது. எங்களைப் பார்த்தார்கள். வந்து கிணற்று வாளியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அப்பா கேற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான். அதற்குப் பிறகாவது மனுசனுக்கு உறைத்ததா? திரும்பி வந்து அவர் செய்த முதல் வேலை முன்மதிலை இன்னும் இரண்டு வரி உயர்த்தினதுதான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோல் வரிசை எங்கள் வாசலையும் தாண்டிப் போனது. சனம் வெயிலில் நின்றது. ஒருநாள் ஒருவர் எங்கள் மதிலோடு சாய்ந்து அப்படியே சரிந்து விழுந்தார். கேற்றைத் திறந்து தண்ணீர் கொடுத்தேன். அவர் போனபிறகு பூட்டப் போனேன், பூட்டக் கை வரவில்லை. அடுத்த நாள் மேசன் செபநாயகத்தைக் கூப்பிட்டு முன்மதிலை இடிக்கச் சொன்னேன். இடித்த சூட்டோடு கிணற்று மதிலையும் இடிக்கச் சொன்னேன். அப்பாவின் இரும்புக் கேற் இப்போது கடற்கரையில் சிமியோனின் மீன்வாடிக் கொட்டிலுக்குக் கதவாக நிற்கிறது. பெற்றோல் வரிசை முடிந்தது, சனம் வருவது நிற்கவில்லை. நானும் நிற்பாட்டவில்லை.

சேலை உடுக்கிறேன். நீ கேட்டதற்காக இல்லை, கஜானிக்காக. அம்மாவின் பச்சைச் சேலை இருக்கிறது. சைக்கிளையும் விட்டுவிட்டு ஓட்டோவில் வருகிறேன். கரும்பலகையை வேண்டுமானால் திருப்பி வைக்கிறேன். கன்னிக்காலை வந்து தாராளமாக நடுங்கள், முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து வைப்பேன். மதில் மட்டும் இல்லை.

உன் அக்கா
தவமலர்

*

ஸ்காபரோ
11.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை என் மனுசிக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் கலியாணத்தை இங்கேயே வைப்போம் என்று அவள் முடித்திருப்பாள்.

நீங்கள் எப்போதும் இப்படித்தான். உங்களைப் பெண் பார்க்க வந்தவரிடம் "தேத்தண்ணி போடத் தெரியுமோ?" என்று கேட்டு, அந்த மனுசன் பலகாரமும் தொடாமல் எழுந்து போனது. இடப்பெயர்விலிருந்து திரும்பி வந்து தலைமயிரைக் கத்தரித்தது. யாரென்றே தெரியாத ஆட்களின் செத்தவீட்டுக்கெல்லாம் போய், ஆம்பிளைகளோடு சுடலை வரைக்கும் நடக்கிறது. "சுதாகரன், உங்கடை அக்கா நேற்று எங்கடை பெரியப்பாவின்ரை செத்தவீட்டு வீடியோ லைவிலை நிண்டவா" என்று இங்கே ஆட்கள் எனக்குச் சொல்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எவ்வளவு காலத்துக்குச் சிரிப்பது?

இதுவரைக்கும் நான் கேட்காத ஒன்றை இன்றைக்குக் கேட்கிறேன். அப்பா செத்தபோது சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது, நான் வரமுடியவில்லை. தியாகராசா அண்ணையைக் கொள்ளி வைக்கச் சொல்லி இங்கிருந்து அழுது கேட்டேன். அவரை நிற்பாட்டிவிட்டு நீங்கள் கொள்ளிக்குடம் தூக்கினீர்கள். மகன் இருக்க மகள் தூக்கினாள் என்று இன்றைக்கும் கதை. என் இடத்தை எடுக்க உங்களுக்கு யார் சொன்னது?

வீட்டில் எனக்கும் பாதி இருக்கிறது. என் பாதியின் பேரில் சொல்கிறேன், சித்திரை வருடப்பிறப்பு முடிய மேசன் வருவார். தயவுசெய்து தடுக்காதீர்கள்.

தம்பி
சுதாகரன்

*

யாழ்ப்பாணம்
16.05.2024

தம்பிக்கு,

உன் மேசன் வந்தார். வேறு யாரும் இல்லை, அதே செபநாயகம்தான். மதிலை இடித்தவரையே கட்டவும் பிடித்திருக்கிறார் தியாகராசா. லொறியில் புளொக் கல்லும் மணலும் வந்து இறங்கின. செபநாயகம் எங்கள் கிணற்றில்தான் முகம் கழுவினார், பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே நூல் பிடித்தார். சிமியோன் மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "அப்ப அக்கா, நாங்கள் உள்ளுக்கோ, வெளியிலையோ?" என்று கேட்டான். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் நூலுக்கு மேலே போட்டு இருந்தேன்.

"அக்கா, எழும்பினால்தானே கட்டலாம்" என்றார் செபநாயகம்.

"அந்தப் பக்கத்தால துவங்குங்கோ."

அந்தப் பக்கம் துவங்கினால் நான் அந்தப் பக்கம் போனேன். பின்னேரம் வரைக்கும் இப்படியே போனது. தியாகராசா வீதியில் நின்று "உனக்கு முழு விசர்" என்று கத்தினார். அவர் சொன்னது இந்த ஊரில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. கல்லெல்லாம் அப்படியே கிடக்கிறது. சனம் இப்போது அதில் இருந்து தேநீர் குடிக்கிறது. மணலில் ஆடு படுக்கிறது.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கடிதத்தின் ஒரு வரி என்னைப் போட்டு அறுக்கிறது. உன் இடத்தை எடுத்தேன் என்கிறாய்.

கேள். அப்பா கடைசி நேரத்தில் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். யார் வந்தாலும் நீ என்று நினைத்து "தம்பியே?" என்று கேட்டார். தியாகராசா வந்து கையைப் பிடித்தார், அவரிடமும் "தம்பியே?" என்றார். தியாகராசா கெட்டிக்காரன், "ஓம் சித்தப்பா, நான்தான்" என்றார். அப்பா கையை இழுத்துக்கொண்டார். அடுத்த நாள் அதே ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உன் இடத்தில் வந்து நின்றால் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? உன் இடத்தில் வேறு ஒருவன் நிற்கக்கூடாது என்றுதான் நான் நின்றேன். ஐயர் மந்திரம் சொல்ல மறுத்து ஒதுங்கினார். குடம் தோளில் கனத்தது. ஊர் முழுக்க எனக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு வந்தது. நான் ஒவ்வொரு அடிக்கும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

இதைச் சொல்லவேண்டி வந்ததே எனக்குக் கோபம்.

அக்கா

*

ஸ்காபரோ
02.07.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது தைரியமில்லை. கலியாண வேலை தலைக்கு மேலே இருக்கிறது.

ஆவணி முகூர்த்தம் நல்லூரில் ஒரு மண்டபத்தில். கன்னிக்காலைப் புத்தூரில் தியாகராசா அண்ணை வீட்டில் நடுகிறோம். கஜானி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள், பிறகு சம்மதித்தாள். மாப்பிள்ளை வீட்டார் மதில் எங்கே, ஏன் உடைத்தது என்று கேட்கத் துவங்கினால் என்னால் பதில் சொல்ல முடியாது.

நீங்கள் வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் எழுதுகிறேன். பச்சைச் சேலையைக் கஜானிக்குக் கொடுத்துவிடுங்கள், அண்ணை ஆள் அனுப்புவார்.

சுதாகரன்

*

ஸ்காபரோ
29.09.2024

அக்கா,

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. படங்கள் இதோடு அனுப்புகிறேன். நாலாம் சடங்கன்று கஜானி அம்மாவின் பச்சைச் சேலைதான் உடுத்தாள்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். முடியவில்லை. திரும்புவதற்கு முதல்நாள் பின்னேரம் ஒருவருக்கும் சொல்லாமல் கொழும்புத்துறை வீதிக்கு வந்தேன். ஓட்டோவைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்தேன். கேற் இருந்த இடத்தில் வந்து நின்றேன். தட்டலாம் என்றால் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கூப்பிடலாம் என்றால் சொந்த வீட்டு வாசலில் நின்று கூப்பிட மனம் வரவில்லை. நீங்கள் மாமரத்துக்குக் கீழே பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்தீர்கள். நன்றாகத் தலை நரைத்துவிட்டது. பேப்பருக்கு மேலால் என்னைப் பார்த்தீர்கள். பார்க்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

ஒரு சொல். "வாடா" என்று ஒரு சொல் வந்திருந்தால் நான் ஓடி வந்திருப்பேன். நீங்கள் பக்கத்தைத் திருப்பினீர்கள். உங்கள் சிமியோன்தான் மீன்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, "ஆரய்யா அது, ஏன் வெளியிலை நிக்கிறியள், உள்ளுக்கு வாங்கோவன்" என்று கூப்பிட்டான். நான் பிறந்த வீட்டுக்குள் வரச்சொல்லி ஒரு மீன்காரன் என்னைக் கேட்கிறான், என் கூடப்பிறந்த அக்கா பேப்பர் பார்க்கிறா.

வந்த வழியே திரும்பிவிட்டேன். ஊரில் உள்ள எல்லோருக்கும் திறந்து கிடக்கிற வளவு எனக்கு மட்டும் பூட்டிக் கிடந்தது. இனி நான் எழுதப்போவதில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுதாகரன்

*

யாழ்ப்பாணம்
24.11.2024

என் தம்பிக்கு,

நீ பதில் எழுதப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். தபால்காரிக்கு இது பழக்கம்.

பார்த்தேன். வீதித் திருப்பத்தில் உன் தலை தெரிந்தபோதே பார்த்தேன். அப்பாவின் நடை. வழுக்கையும் அப்பாவின் வழுக்கை. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் பேப்பர் நடுங்கியது. அதை மறைக்கத்தான் பக்கத்தைத் திருப்பினேன். மரண அறிவித்தல் பக்கம் வந்தது, ஒரு பெயர் கூடத் தலைக்குள் ஏறவில்லை.

ஏன் கூப்பிடவில்லை என்கிறாய். இந்த வளவுக்குள் நான் யாரையும் கூப்பிட்டதில்லையடா. ஓட்டோக்காரன், மார்க்கண்டர், மழைக்கு ஒதுங்குகிறவன், ஊர் ஆடுகள், எல்லாம் தங்கள் பாட்டில் வருகின்றன. தம்பியை மட்டும் "வாங்கோ" என்று அழைத்தால் அவன் விருந்தாளியாகிவிடுவானே என்று வீம்பு பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு எட்டு வைத்தால் உள்ளே. வைப்பான், வைப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வைக்கவில்லை. கலியாணத்துக்கு வராதே என்று எழுதினவன் முதலில் வரட்டும் என்ற கோபமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

நீ திரும்பி நடந்தபோதுதான் உன் கையில் இருந்த பையைப் பார்த்தேன். கொடிகாமத்துக் கேற்றடியில் அப்பா நின்றதைப் போலவே நின்றிருக்கிறாய். ஒரு மனுசனும் அப்படி நிற்கக்கூடாது என்றுதான் அந்த மதிலை உடைத்தேன். உடைத்த இடத்திலேயே என் தம்பியை அப்படி நிற்க வைத்துவிட்டேன். எழுந்து வீதிக்கு ஓடி வந்தேன், சாரம் தடக்கியது. அதற்குள் உன் ஓட்டோ போய்விட்டது. சிமியோன் "ஆரக்கா அது?" என்று கேட்டான். அவனையும் ஏசிவிட்டேன், பாவம்.

அதற்குப் பிறகு பல நாள் நித்திரை இல்லை. உன்னோடு கோபம், என்னோடு அதைவிடக் கோபம். கடைசியில் ஒரு முடிவு எடுத்தேன். ஊர் முழுக்கச் சிரிக்கிறது, நீயும் சிரி.

முதலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போனேன். நாலாம் சடங்கு முடியப் பிடுங்கிய கன்னிக்காலை நட்டுத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்ற நினைவு கூட இல்லாமல் தியாகராசா வீட்டார் அதை மாட்டுக் கொட்டிலோடு சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் காயத் துவங்கியிருந்தது. கேட்டேன், தந்தார்கள். விசரிக்கு ஒரு தடி தேவைப்படுகிறது என்று நினைத்திருப்பார்கள். சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் கேற் இருந்த இடத்தில் ஒரு பக்கமாக நட்டேன். மறுபக்கத்துக்கு மார்க்கண்டர் ஒரு பனங்குத்தி தந்தார். தரும்போது வாய் திறந்து "ஆழமாய் நடு" என்றார். இத்தனை வருடத்தில் எங்களோடு கதைத்த முதல் கதை. இரண்டுக்கும் நடுவில் திறந்து மூடுகிற ஒரு மரப் படலை கொழுவியிருக்கிறேன்.

மதில் இல்லை. வேலியும் இல்லை. படலை மட்டும் தனியாக நிற்கிறது. சனம் இரண்டு பக்கத்தாலும் சுற்றி வருகிறது, ஆடும் சுற்றி வருகிறது. மார்க்கண்டர் ஒருவர்தான் ஒழுங்காகத் திறந்து உள்ளே வந்து, திரும்பக் கொக்கியையும் கொழுவிவிட்டுப் பேப்பரைக் கேட்கிறார். "உது என்னத்துக்கு அக்கா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டேன்: "இது தம்பியின் படலை."

இந்த மாத மழையோடு கன்னிக்கால் முருக்கு துளிர்த்திருக்கிறது. கஜானிக்குச் சொல். அப்பப்பாவின் முற்றத்தில்தான் நிற்கிறது.

இனி வரும்போது படலையைத் தட்டிவிட்டு நில். நான் எங்கே இருந்தாலும் கேட்கும். "ஆரது?" என்று கேட்பேன். "நான்தான் அக்கா" என்று சொல். "வாடா" என்று சொல்கிறேன், வீதி முழுக்கக் கேட்கச் சொல்கிறேன். கொக்கியை நானே வந்து கழற்றுவேன், நீ உள்ளே வரலாம். கஜானியையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அவர்கள் பக்கத்தால் வரட்டும்.

உன் அக்கா
தவமலர்